பழகிய கால்களிடம் நாம் எதைக் கேட்கலாம்?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நான் ஆற்றிய உரை. இம்மலருக்காகச் சிறிது திருத்தித் தந்துள்ளேன்.)



செயலாளர் அக்கா என்னைப் பேசக் கேட்டபோது, "சுகாதாரம் சம்பந்தமா ஏதாவது சொல்லுங்கோ" என்றார். நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிப் பேசலாம். எங்கள் வயதுக்காரருக்கு அது வேண்டியதும்தான். ஆனால் கடந்த சில மாதங்களாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி என்னை விடுவதாயில்லை. இன்று அதைப் பற்றியே பேசப்போகிறேன். அதுவும் சுகாதாரம்தான்.

எங்கள் உதைபந்தாட்ட அணி கடந்த ஆண்டு மாகாண மட்ட இறுதிப் போட்டியில் ஒரு கோலால் தோற்றது. அதற்கு முந்திய ஆண்டு அரையிறுதியில் தோற்றது. அணியில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தரம் 8 இலிருந்து ஒன்றாக விளையாடுபவர்கள். செய்தி வந்த அன்று இரவு ரொறன்ரோவிலிருந்து ஒரு தோழி குழுவில் எழுதினார்: "இவ்வளவு அனுபவம், இவ்வளவு உழைப்பு. நாங்களும் சப்பாத்து, சீருடை எல்லாம் அனுப்பினோம். இன்னும் ஏன் முன்னேறவில்லை?" லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் பலர் அதை ஆமோதித்தார்கள். யாரும் கோபத்தில் எழுதவில்லை. பாடசாலை மேல் வைத்த ஆசையில் எழுதினார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனாலும் அன்று இரவு நான் பதில் எழுதவில்லை. அந்தப் பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ள, உழைக்கிற ஒரு வீராங்கனையிடம் மேலும் முன்னேற்றத்தை எதிர்பார்ப்பது பிழையே இல்லை. "இவளால் இவ்வளவுதான்" என்று ஒதுக்குவதைவிட அது எவ்வளவோ மேல். எங்களை அப்படி ஒதுக்காத ஆசிரியர்கள் இருந்தபடியால்தான் நாங்கள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம். ஆனால் எதில் முன்னேற்றம் கேட்கிறோம், அதற்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

வன்னியில் கிணறு வெட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முதல் பத்தடி மண் கெதியாகப் போகும். பார்க்கிறவருக்கும் உற்சாகமாக இருக்கும். பிறகு கல் வரும். கல்லில் ஒரு நாளைக்கு அரை அடி போவதே பெரிய காரியம். மேலே நின்று எட்டிப் பார்க்கிறவருக்கு வேலை நின்றுவிட்டது போலத் தெரியும். உள்ளே நிற்கிறவருக்குத்தான் அந்த அரை அடியின் அருமை தெரியும்.

உடலும் அப்படித்தான். தரம் 8 பிள்ளை முதன்முதல் பந்தைத் தொட்ட ஆறு மாதத்தில் ஆளே மாறிவிடுவாள். மூளையும் நரம்பும் தசையும் ஒன்றோடொன்று பேசப் பழகுகிற காலம் அது. கிழமைக்குக் கிழமை வித்தியாசம் தெரியும். ஐந்து வருடம் விளையாடியவளுக்கு அந்த வேகம் இருக்காது. அவள் ஒரு வருடம் முழுக்க உழைத்து எடுக்கிற முன்னேற்றம், கோல் எண்ணிக்கையில் தெரியாமலே போகலாம். அதற்காக அவள் சோம்பியிருக்கிறாள் என்று அர்த்தமில்லை. அவள் கல்லில் நிற்கிறாள்.

இன்னொன்று, தசை பலப்படுவது பயிற்சி நேரத்தில் என்று நாங்கள் நினைக்கிறோம். கடும் பயிற்சியின்போது தசைநார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. பிறகு ஓய்விலும் நித்திரையிலும் நல்ல சாப்பாட்டிலும்தான் அது திருத்தப்பட்டு, முன்னையதை விடப் பலமாகிறது. திருத்த நேரம் கொடுக்காமல் மேலும் மேலும் பயிற்சி கொடுத்தால் சேதம் மட்டும்தான் மிஞ்சும். தோற்றுவந்த கிழமை எங்கள் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாலு நாளாக இருந்த பயிற்சியை ஆறு நாளாக்கினார்கள். யாரும் சொல்லவில்லை, தாங்களாகவே செய்தார்கள். பின்னேரம் நாலரைக்குக் கடைசி ரியூஷன் முடித்து, இருட்டும் வரை ஓடி, சைக்கிளில் ஏழெட்டுக் கிலோமீற்றர் வீட்டுக்குப் போய், படித்துவிட்டுப் படுக்கப் பதினொன்றரை மணி. காலையில் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் பழகிய ஆட்டக்காரர் எதில் முன்னேறலாம்? ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

ஜப்பானின் ஹொமரே சவா 15 வயதில், 1993 இல், தேசிய அணிக்கு வந்தவர். 1995 இல் முதல் உலகக் கிண்ணம். அதன்பின் ஒவ்வொரு உலகக் கிண்ணத்திலும் விளையாடினார். 2011 இல் ஜேர்மனியில் நடந்தது அவருக்கு ஐந்தாவது. அப்போது வயது 32. அந்த ஆண்டு மார்ச் 11 ஆம் திகதி ஜப்பானைச் சுனாமி தாக்கி நாலே மாதம். 2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையைப் பார்த்த எங்களுக்கு, அந்த நாலு மாதத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. இறுதிப் போட்டி அமெரிக்காவோடு. அதற்கு முன் ஜப்பான் பெண்கள் அமெரிக்காவை ஒருமுறைகூட வென்றதில்லை. மேலதிக நேரத்தில் அமெரிக்கா 2-1 என்று முன்னிலை. 117 ஆவது நிமிடத்தில் மூலையிலிருந்து வந்த பந்தை, கிட்டிய கம்பத்தின் பக்கம் ஓடிவந்த சவா வலதுகாலின் வெளிப்புறத்தால் தட்டிவிட்டார். 2-2. தண்ட உதையில் ஜப்பான் வென்றது. அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான், சிறந்த வீராங்கனையும் அவர்தான்.

அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 120 நிமிட ஆட்டத்தின் கடைசியில், 32 வயதுக் கால்கள், எதிரே இளம் கால்கள். வேகத்தால் மட்டும் எடுத்த கோல் இல்லை அது. பந்து எங்கே விழும் என்று அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. மற்றவர் யோசிப்பதற்கு முன் அவர் புறப்பட்டுவிட்டார். அனுபவசாலியிடம் கடைசிவரை வளரக்கூடியது இதுதான். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேலால் சுற்றிவரப் பார்த்துக்கொள்வது, எந்த ஓட்டம் தேவையில்லை என்று அறிவது, எப்போது வேகத்தைக் குறைப்பது, பக்கத்தில் பதறுகிற தங்கையை எப்படிச் சமாளிப்பது. இதயமும் நுரையீரலும் ஒரு கட்டத்துக்கு மேல் ஒத்துழைக்காது. கண்ணும் புத்தியும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் வளரும்.

சவாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. உலகின் சிறந்த வீராங்கனை என்ற விருதை வாங்கிய சில மாதங்களில், 2012 இல், அவருக்குத் தலைச்சுற்று வருத்தம் வந்தது. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பில் வருகிற வருத்தம் அது. லண்டன் ஒலிம்பிக் வரவிருந்தது. ஆனாலும் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி ஓய்வெடுக்க விட்டார்கள். சுகமாகித் திரும்பி வந்து ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் விளையாடினார். 2015 டிசம்பரில் ஜப்பானின் மகாராணிக் கிண்ண இறுதிப் போட்டியோடு ஓய்வுபெற்றார். அந்தப் போட்டியின் ஒரே கோலும் அவருடையதே. 37 வயது. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தியபடியால்தான் அவ்வளவு தூரம் ஓட முடிந்தது.

பக்கத்து நாட்டிலும் ஒருவர் இருக்கிறார். இந்தியாவின் மணிப்பூரைச் சேர்ந்த பெம்பெம் தேவி. துப்பாக்கிச் சத்தம் எங்களைப்போலவே பழகிப்போன மண் அது. 1995 இல் 15 வயதில் தேசிய அணிக்கு வந்து, 21 வருடம் விளையாடி, 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கத்தோடு விடைபெற்றார். 2014 இல் மாலைதீவுக் கழகம் ஒன்றுக்காக விளையாடினார். அப்போது வயது 34. பெண்களுக்கு ஒழுங்கான போட்டித் தொடரே இல்லாத காலத்தில், மணிப்பூர்ப் பொலிஸில் வேலை செய்துகொண்டு விளையாடியவர் அவர். மாதச் சம்பளம் வருகிற ஒரு வேலை, ஒரு வீராங்கனையை எத்தனை வருடம் மைதானத்தில் வைத்திருக்கும் என்பதற்கும் அவரே உதாரணம்.

இனி, சொல்லக் கஷ்டமான இரண்டு கதைகள்.

முதலாவது, நாங்கள் படித்த 1990கள். பாஸ் இல்லாமல் வவுனியாவை விட்டு அசைய முடியாத காலம். பூந்தோட்டம் முகாமிலிருந்து வந்து எங்களோடு படித்த தோழிகள் இங்கேயும் இருக்கிறார்கள். அப்போது பெண்பிள்ளைகளுக்கு உதைபந்து இல்லை. வலைப்பந்தும் எல்லேயும்தான். ஒருமுறை வலய மட்ட வலைப்பந்தாட்டப் போட்டியன்று எங்கள் தலைவிக்கு மலேரியாக் காய்ச்சல். அன்றைக்கு வன்னியில் மலேரியா வராத வீடே இல்லை. குளோரோகுவின் குளிசையைப் போட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டே சீருடையோடு வந்துவிட்டாள். எங்கள் உடற்கல்வி ஆசிரியை அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் தன் சீலைத் தலைப்பால் அவளைப் போர்த்தி வாங்கில் இருத்தினார். நாங்கள் தோற்றோம். ஒரு கிழமை மிஸ்ஸோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சீலைத் தலைப்புத்தான்.

இரண்டாவது கதை என்னுடையது. மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய வருடங்களில், வன்னியில் ஒரு வைத்தியசாலையில் இளம் வைத்தியராக இருந்தேன். ஒரு மாணவியை வீங்கிய முழங்காலோடு கூட்டிவந்தார்கள். மூன்று நாளில் இறுதிப் போட்டி. அணியின் மிகச் சிறந்த பின்கள வீராங்கனை. "விளையாடலாம்தானே டொக்டர்?" என்று கேட்டது அவள்தான். கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல். நடக்கிறாள், மடக்குகிறாள். நோக் குளிசையும் இறுக்கமான பண்டேஜும் கொடுத்து, "கவனமாக விளையாடு" என்று அனுப்பினேன். அந்த மூட்டை முறைப்படி சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. இறுதிப் போட்டியின் இரண்டாம் பாதியில், யாரும் முட்டாமலே, திரும்பும்போது முழங்கால் கழன்றது. உள்ளே குறுக்காக ஓடுகிற, ஏசிஎல் என்று சொல்கிற சவ்வு முழுதாகக் கிழிந்துவிட்டது. அதன்பின் அவள் விளையாடவில்லை.

பல வருடம் கழித்துப் பிள்ளையின் காய்ச்சலுக்காக கிளினிக்குக்கு வந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, "நீங்கள் வேண்டாமெண்டு சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன் டொக்டர்" என்றாள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. அந்த வசனம் இன்றுவரை என்னோடு இருக்கிறது.

கடுமையாக உழைக்கிற பிள்ளை தானாக நிறுத்தமாட்டாள். அதுதான் அவளுடைய பலம், அதுவேதான் அவளுக்கு ஆபத்து. ஆகவே "போதும்" என்று சொல்கிற வேலை பெரியவர்களுடையது. எங்கள் ஆசிரியை அதைச் செய்தார். வைத்தியம் படித்த நான் செய்யவில்லை.

அக்காமாரே, தோழியரே, ரொறன்ரோத் தோழிக்கு நான் எழுதாத பதிலுக்கு இப்போது வருகிறேன். பிள்ளைகளிடம் முன்னேற்றம் கேட்பதற்கு முன் நாங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒன்றும் பெரிய செலவில்லை.

முதலாவது, முழங்கால். உதைபந்தில் ஏசிஎல் கிழிகிற ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சரிவதும், தொடை இடுப்புத் தசைகளுக்கு முறையான பயிற்சி இல்லாததும் முக்கிய காரணங்கள். இரண்டையும் திருத்தலாம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் '11 பிளஸ்' என்ற இருபது நிமிடப் பயிற்சி முறை இருக்கிறது. மெதுவான ஓட்டம், பிறகு பலத்துக்கும் சமநிலைக்கும் குதித்து இறங்குவதற்குமான பயிற்சிகள், கடைசியில் வேக ஓட்டம். ஒரு பந்தும் நிலமும் போதும். நோர்வேயில் 125 கழகங்களில், 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்தன. எங்கள் அணிக்குக் கடந்த தவணையிலிருந்து பழக்குகிறோம். "எப்ப டொக்டர் பந்தைத் தருவீங்கள்?" என்று சலிக்கிறார்கள். சலிக்கட்டும்.

இரண்டாவது, இரத்தம். பெண்பிள்ளைக்கு ஈமோகுளோபின் 12 இற்குக் கீழே போனால் அது குருதிச்சோகை. அப்படிப்பட்ட பிள்ளை எவ்வளவு உழைத்தாலும் கடைசி இருபது நிமிடத்தில் கால் கனக்கும், மூச்சு வாங்கும். வெளியே நிற்கிறவர் "மனத்திடம் போதாது" என்பார். நான் அணியைச் சோதித்தபோது பலருக்கு அளவு குறைந்தே இருந்தது. ஒரு கோலால் தோற்ற அந்த ஆட்டத்தில் எதிரணியின் கோல் எந்த நேரத்தில் விழுந்தது என்று பார்த்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில். இரண்டையும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பாணும் சம்பலும் சாப்பிட்டு ஓடுகிற பிள்ளையிடம் மேலும் வேகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முட்டை, நெத்தலி, கௌபி, பயறு, முருங்கை இலை, கூடவே கொஞ்சம் தேசிப்புளி. சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தாலே உடம்பில் சேரும் இரும்புச்சத்துக் கூடும்.

மூன்றாவது, நாங்கள் கதைக்க வெட்கப்படுகிற விடயம். கடும் பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், "விளையாடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விடக்கூடாது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குக் கிடைக்காதபோதும் அப்படி நடக்கும். அது எலும்பையும் பாதிக்கும். தங்கைமாரே, என்னிடம் சொல்லுங்கள், அல்லது மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

நான்காவது, ஓய்வு. கிழமையில் இரண்டு நாள் பந்தைத் தொடக்கூடாது என்று பயிற்றுநரும் நானும் முடிவெடுத்திருக்கிறோம். பிள்ளைகள் என்னோடு கோபம். பரவாயில்லை. எனக்கு அந்தக் கோபம் பழகியது. ஒருகாலத்தில் நானும் கோபித்தவள்தான்.

இப்போது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வெற்றிக்கு என்று பணம் சேர்க்காதீர்கள். பயிற்சி நாட்களில் ஒரு அவித்த முட்டையும் ஒரு கோப்பை கடலையும், மாதம் ஒருமுறை இயன்மருத்துவர் ஒருவர் வந்துபோகும் செலவு, தவணைக்கொருமுறை இரத்தப் பரிசோதனை, இருட்டினால் பிள்ளைகளை வீட்டில் விடும் வாகனத்துக்கு டீசல். மூன்று வருடத்துக்கு இதை உறுதிப்படுத்துங்கள். தேசிய மட்டக் கிண்ணங்களை வென்ற தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளைகளும் ஒரே வருடத்தில் அங்கு போகவில்லை. உழைப்பு மட்டும் போதுமென்றும் நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கை முழுவதையுமே உலகச் சம்மேளனம் இடைநிறுத்தி வைத்திருந்தது. அது மைதானத்தில் ஓடியவர்களின் குறையால் வந்ததில்லை. நிர்வாகம் சீராக இல்லாவிட்டால் விளையாடுகிறவரின் வியர்வைக்கு என்ன நடக்கும் என்பதற்கு அது போதும்.

கடைசியாக, முன்வரிசைத் தங்கைமாருக்கு. உங்களில் சிலருக்கு இது கடைசி வருடம். உயர்தரப் பரீட்சையும் வருகிறது. உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது உண்டு. மறைக்கவில்லை. கூட ஓடச் சொல்லவில்லை, கூடப் பார்க்கச் சொல்கிறேன். பந்து வரமுன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தரம் 8 பிள்ளை பிழைவிட்டால் அவளுக்கு எங்கே நிற்பது என்று காட்டிக்கொடுங்கள். நோ வந்தால் மறைக்காதீர்கள். கிண்ணம் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும், நாற்பது வயதில் உங்கள் பிள்ளைகளோடு இதே மைதானத்தில் ஓடக்கூடிய முழங்காலோடு நீங்கள் வெளியே போக வேண்டும். அது என் எதிர்பார்ப்பு.

பயிற்சிக்கு வரும் சனிக்கிழமைகளில் நான் வாங்கில் இருப்பேன். "விளையாடலாமா டொக்டர்?" என்று கேளுங்கள். முறைப்படி சோதித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.